கை இல்லாத ஒற்றை ட்ரைசூட்: குனிந்து பார்த்து வாங்க வேண்டிய உடை

முதல் டிரையத்லானுக்குத் தயாராகும் இளைஞர்கள் பெரும்பாலும் காசையெல்லாம் சைக்கிளில் கொட்டிவிட்டு, ட்ரைசூட்டைக் கடைசி வாரத்தில் அவசரமாக வாங்குகிறார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றிலும் உடம்போடு கூடவே வரப்போகும் பொருள் அது. கை இல்லாத, முன்பக்கம் ஜிப் வைத்த, ஒரே துண்டாகத் தைத்த வகையை இங்கே அலசுகிறோம். 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம் என்ற ஸ்பிரிண்ட் தூரத்துக்கு, அளவு மட்டும் சரியாக அமைந்துவிட்டால், இந்த வகையைத்தான் தயங்காமல் சொல்வோம்.

அந்த அளவில்தான் சிக்கலே. கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்கும்போது தோளில் லேசாக இழுத்தால், பலரும் ஒரு அளவு பெரியதாக மாற்றிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நல்ல ட்ரைசூட் சைக்கிள் மேல் குனிந்திருக்கும் உடம்புக்காக வெட்டப்பட்டது. நிற்கும்போது சொகுசாக இருப்பது, குனிந்ததும் வயிற்றில் மடிப்பு விழுந்து, கழுத்தருகே தொளதொளவென்று திறந்துகொள்ளும். நீச்சலில் அந்தத் திறப்பு வழியாகத் தண்ணீர் புகுந்து நெஞ்சில் பைபோலத் தேங்கும். ஒவ்வொரு கைவீச்சுக்கும் அந்தத் தண்ணீரையும் சேர்த்து இழுக்க வேண்டிவரும்.

வாங்கும் இடத்திலேயே சோதித்துவிடலாம். இரண்டு கைகளையும் காதோடு ஒட்டி மேலே நீட்டுங்கள். தொடை இடுக்கில் வெட்டுவதுபோல இழுத்தால், உடல் நீளம் பற்றவில்லை என்று பொருள். கையை இறக்கி அக்குள் ஓரத்தைக் கிள்ளிப் பாருங்கள். துணி எளிதாகத் தூக்கிக்கொண்டு வந்தால் அதுவும் தண்ணீர் புகும் வாசல்தான். அப்புறம் சைக்கிள் மேல் உட்கார்ந்து கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடியுங்கள். நிற்கும்போது தோளில் இருந்த இழுப்பு இப்போது காணாமல் போயிருக்க வேண்டும்.

அளவு அட்டவணையில் பெரும்பாலும் உயரம், நெஞ்சு, இடுப்புதான் இருக்கும். ஒற்றைத் துண்டில் தீர்மானிப்பதோ தோளில் தொடங்கி, கால்களுக்கிடையே போய், மறுபடி அதே தோளுக்கு வரும் சுற்றளவு. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும், மற்றவருக்கு முதுகு நீளமாக இருக்கும். வளரும் வயதில் அந்தச் சுற்றளவு ஒரு பருவத்துக்குள்ளேயே மாறிவிடும். எனவே 14, 15 வயதில் வேகமாக உயரம் போடுகிறவர்களுக்கு மேல், கீழ் என இரண்டு துண்டாக வரும் வகையே நல்லது. நீந்தும்போது மேல்துண்டு சுருண்டு ஏறும் குறை அதில் உண்டு. இடுப்பில் பிடிமானப் பட்டை வைத்ததைப் பார்த்து எடுங்கள்.

அடுத்தது பேட், அதாவது இருக்கைப் பகுதியில் உள்ளே தைத்திருக்கும் மெத்தை. சைக்கிள் ஷார்ட்ஸின் பேட் தடித்த நுரையால் ஆனது. நனைந்தால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஓட்டத்தில் கால்களுக்கிடையே கனக்கும். ட்ரைசூட்டில் இருப்பது சில மில்லிமீட்டர் மட்டுமே தடிப்புள்ள மெல்லிய பேட். மெத்தென்று இல்லையே என்று அதைக் குறை சொல்வது நியாயமில்லை, 20 கி.மீ.க்கு அது தாராளம். இரண்டு, மூன்று மணி நேரப் பயிற்சிக்கு வழக்கமான சைக்கிள் ஷார்ட்ஸையே போடுங்கள். எதைப் போட்டாலும் உள்ளே ஜட்டி வேண்டாம். அதன் தையல் விளிம்புதான் தொடையை அறுக்கும்.

பெண்களுக்கான மாதிரிகளில் உள்ளே தைத்திருக்கும் மார்புத் தாங்கல் பெரும்பாலும் ஓட்டத்துக்குப் போதாது. அடியில் தனியாக ஸ்போர்ட்ஸ் பிரா போடுவதே சரி, தண்ணீர் தேக்கும் தடித்த நுரைக் கப் இல்லாததாக. முன்ஜிப் கழிப்பறை விஷயத்திலும் உதவி. முதுகு ஜிப் வைத்ததை மூட ஆள் தேட வேண்டியிருக்கும்.

கை வைத்த மாதிரி வேண்டாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். சைக்கிளில் அது காற்றை நன்றாகக் கிழிக்கும், தோளை வெயிலிலிருந்து காக்கும். ஆனால் வெட்சூட் (குளிர்ந்த நீரில் நீந்த மேலே போடும் ரப்பர் உடை) இல்லாத நீச்சலில் தோள் சுழற்சியைப் பிடித்து இழுக்கும். இடுப்புவரை சுருட்டிவைத்து, கரையேறியதும் மேலே இழுத்துவிடலாம் என்று நினைத்தால், ஈர முதுகில் துணி கயிறுபோல முறுக்கிக்கொள்ளும். நிதானமாகச் செய்யக்கூடிய நீண்ட தூரப் போட்டிகளுக்கு அது சரி.

உடையின் முதுகில் தைத்திருக்கும் பைகளுக்கும் இதே கதைதான். திறந்த வாய் உள்ள பை, நீச்சலில் தண்ணீரை அள்ளும் கரண்டியாகிவிடும். ஸ்பிரிண்டுக்கு ஒரு எனர்ஜி ஜெல் பாக்கெட் போதும். அதை சைக்கிளின் மேல்குழாயில் டேப்பால் ஒட்டிவிட்டால் பையே தேவையில்லை. எண் அட்டையை ஊசியால் உடையில் குத்தாதீர்கள். எலாஸ்டிக் துணியில் ஊசித் துளை ஓட்டையாக விரியும். இடுப்பில் கட்டும் எண் பெல்ட்டில் மாட்டி, சைக்கிளில் முதுகுப் பக்கமும் ஓட்டத்தில் வயிற்றுப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு முழு ஒத்திகை கட்டாயம். 400 மீட்டர் நீந்தி, அதே ஈரத்தோடு 40 நிமிடம் சைக்கிள், இறங்கியதும் 15 நிமிட ஓட்டம். குளிக்கும்போது எங்கே எரிகிறது என்று கவனியுங்கள். அக்குளின் முன் ஓரம், கழுத்தின் பின்பக்கம், உள்தொடை, கால் முனைப் பட்டைக்கு அடியில் என இந்த நான்கு இடங்களில்தான் வழக்கமாகத் தோல் சிவக்கும். போட்டியன்று அங்கெல்லாம் உராய்வு தடுக்கும் மெழுகுக் குச்சியைத் தேயுங்கள். வெட்சூட்டும் போடுவதாக இருந்தால் பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், நியோபிரீன் ரப்பரை அது கெடுக்கும். கால் முனையில் மெல்லிய சிலிக்கான் கோடு உள்ளதைவிட அகலமான எலாஸ்டிக் பட்டை வைத்ததே ஈரத் தோலுக்கு இதமானது. நிறத்தில் இருக்கைப் பகுதி கறுப்பாக இருக்கட்டும், வெளிர்நிறம் நனைந்தால் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும்.

இந்த உடைக்குப் பெரிய எதிரி குளோரின். நீட்சி தருகிற எலாஸ்டேன் இழையை அது அரித்துவிடும். தினசரி நீச்சல்குளப் பயிற்சிக்கு வேறு உடை வைத்துக்கொண்டு, ட்ரைசூட்டை ஒத்திகைக்கும் போட்டிக்கும் மட்டும் எடுங்கள். கழற்றியவுடன் நல்ல தண்ணீரில் அலசி, மென்மையான சோப்பில் கையால் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். துணி மிருதுவாக்கி ஊற்றினால் வியர்வையை வெளியேற்றும் தன்மை அடைபடும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இருக்கைப் பகுதியை இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெள்ளையாக மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டு தெரிந்தால், எலாஸ்டேன் அறுந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.