பி காமாலைக்கு இன்டர்ஃபெரான் ஊசியா, தினசரி மாத்திரையா?

பி காமாலைன்னு நாம சொல்ற ஹெபடைடிஸ் பி நாள்பட்டதா மாறிட்டா டாக்டருங்க சொல்ற வழி முக்கியமா ரெண்டு. ஒன்னு தினம் ஒரு மாத்திரை, டெனோஃபோவிர் இல்லன்னா என்டகாவிர். இன்னொன்னு வாரம் ஒரு பெக் இன்டர்ஃபெரான் ஊசி, 48 வாரம். நான் ஊசி போட்டுக்கிட்டவன், மும்பைல செம்பூர்ல இருந்துக்கிட்டே முழு கோர்ஸும் முடிச்சேன், அதனால இது ஊசி பக்கம் கொஞ்சம் சாயும், முதல்லயே சொல்லிடறேன்.

மாத்திரையோட நல்லது எல்லாருக்கும் தெரிஞ்சது தான். சாப்பிட ஈஸி, சைட் எஃபெக்ட் கம்மி, 2018ல ஆரம்பிச்ச தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்துல அரசு சென்டர்ல இலவசமா கிடைக்குது, ரத்தத்துல வைரஸ் அளவ இறக்கறதுல அத அடிச்சுக்கவே முடியாது. பழைய லாமிவுடின் மாதிரி வைரஸ் மருந்துக்குப் பழகிடுற தொல்லையும் டெனோஃபோவிர்ல கிட்டத்தட்ட இல்ல.

ஆனா மாத்திரை எங்க வேலை செய்யுதுன்னு பாக்கணும். இந்த வைரஸ் கல்லீரல் செல்லோட நியூக்ளியஸுக்குள்ள சிசிசி டிஎன்ஏன்னு ஒரு மூலப்பிரதிய வச்சிடுது, அதுலருந்து ஆர்என்ஏ எடுத்து, அத மறுபடி டிஎன்ஏவா மாத்தி தான் புது வைரஸ் தயாராகுது. மாத்திரை அந்தக் கடைசி படிய மட்டும் அடைக்குது. ஜெராக்ஸ் மெஷின ஆஃப் பண்ணிட்டோம், ஒரிஜினல் பீரோவுக்குள்ள அப்படியே இருக்கு. அதான் வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டு வைரஸ் லோட் ஜீரோன்னு ரிப்போர்ட் வந்தவங்களுக்கும் சர்ஃபேஸ் ஆன்டிஜென் (வைரஸோட மேலுறைப் புரதம், ரத்தத்துல இது இருந்தா தொற்று இன்னும் இருக்குன்னு அர்த்தம்) பாசிட்டிவாவே நிக்குது.

இன்டர்ஃபெரான் வேற ரகம். இது நம்ம உடம்பே தயாரிக்கிற புரதம், 1957ல லண்டன்ல ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டுபிடிச்சது. ஒரு செல்லுல வைரஸ் நுழைஞ்சா அக்கம்பக்கத்து செல்லுக்கெல்லாம் தகவல் போறது இது வழியா தான், ஃப்ளூ வந்தா உடனே காய்ச்சலும் உடம்பு வலியும் படுத்துறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஹெபடைடிஸ் பி வைரஸோட கெட்டிக்காரத்தனமே இந்த அலாரத்த அடிக்க விடாம சத்தமில்லாம உள்ள வர்றது தான், அதனால உடம்பு போதுமான இன்டர்ஃபெரான சுரக்கறதே இல்ல. அத வெளியிலருந்து ஊசியா குடுத்தா செல்லு மேல இருக்கற ரிசெப்டர்ல ஒட்டி, உள்ள நூத்துக்கணக்கான ஜீன முடுக்கி விடுது, சிலது வைரஸோட ஆர்என்ஏவ அழிக்குது, சிலது அந்த மூலப்பிரதிய வாய் திறக்க விடாம அமுக்குது, அபோபெக்னு ஒரு என்சைம் மூலப்பிரதியவே சிதைக்கப் பாக்குதுன்னு 2014ல ஒரு ஆய்வு வந்தது. கூடவே வைரஸ் புகுந்த செல்ல கொல்ற என்கே செல்லுங்களும் உசுப்பேறுது.

நோய் எதிர்ப்பு சக்தி தான் இதுல ஆட்டத்தையே முடிவு பண்ணுதுன்னு நான் நம்பறதுக்கு காரணம் இருக்கு. பெரியவங்களுக்கு தொத்தினா 95 சதவீதத்துக்கு மேல தானா சரியாயிடுது, பிறந்த குழந்தைக்கு தொத்தினா 90 சதவீதம் நாள்பட்டதா நின்னுடுது. வைரஸ் அதே வைரஸ் தான்.

நான் முடிவெடுத்தது ஒரே ஒரு விஷயத்த வச்சு, எப்போ நிறுத்தலாம்ங்கறது. மாத்திரைக்கு அந்தக் கேள்விக்கு தெளிவான பதில் கிடையாது, பல பேருக்கு ஆயுசுக்கும் தான். நடுவுல நீங்களா நிறுத்தினா வைரஸ் திரும்ப எகிறும், சில பேருக்கு கல்லீரலே செயலிழந்து போற அளவுக்கு ஆயிருக்கு. வேலை மாறுறவன், ஊருக்குப் போய் ஒரு மாசம் தங்குறவன், கான்ட்ராக்ட்ல வெளியூர் போறவன்னு யோசிச்சுப் பாருங்க, இருபது முப்பது வருஷம் ஒரு நாள் விடாம சாப்பிடணும். ஊசிக்கு ஒரு முடிவு தேதி இருக்கு, வேலை செஞ்சிருந்தா நிறுத்தின பிறகும் உடம்பே வைரஸ பிடிச்சு வச்சிருக்கும். அந்த 48 வாரமும் லேசு இல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி தான் போட்டுக்குவேன், ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்து கொஞ்ச நேரம் வெளிய வச்சு, வயித்துத் தோல ரெண்டு விரலால கிள்ளிப் பிடிச்சு போட்டா, நடுராத்திரில குளிர் நடுக்கம் ஆரம்பிக்கும், சனி ஞாயிறு அதுலயே போயிடும், திங்கக்கிழமை லோக்கல் ட்ரெயின்ல நிக்கற அளவுக்கு தெம்பு வந்துடும். முடி கொட்டிச்சு, எரிச்சல் வந்தது, வெள்ளணு இறங்கினதால ஒரு தடவ டோஸ குறைச்சாங்க. பிளட் கவுண்ட், தைராய்டு எல்லாம் விடாம பாத்துக்கிட்டே இருக்கணும். மனசு ரொம்ப சோர்ந்து போனா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, டிப்ரஷன் இந்த மருந்தோட நிஜமான ஆபத்து.

கிடைக்கறது என்ன? இ ஆன்டிஜென் (வைரஸ் வேகமா பெருகுதுன்னு காட்டுற இன்னொரு வைரஸ் புரதம்) பாசிட்டிவா இருக்கறவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு கிட்ட அது போய் ஆன்டிபாடி வருது, எனக்கும் வந்தது. சர்ஃபேஸ் ஆன்டிஜென் முழுசா போறது 100ல 3 லருந்து 7 பேருக்கு தான், எனக்கு அளவு இறங்கியிருக்கு, போகல. கல்ஃப் வேலைக்கான மெடிக்கல் டெஸ்ட் பாஸ் ஆகணும்னு மட்டும் நெனச்சு ஊசி கேக்காதீங்க, அங்க பாக்கறது இந்த சர்ஃபேஸ் ஆன்டிஜென தான். ஊசி முடிச்சு எனக்கு ரொம்ப காலம் ஆகல, பத்து வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு என் அனுபவத்துலருந்து சொல்ல முடியாது.

ஜீனோடைப் டெஸ்ட், அதாவது உங்களுக்கு இருக்கற வைரஸ் எந்த வகைன்னு பாக்கற டெஸ்ட், எடுக்காம இறங்கவே கூடாது. ஏ வகைக்கு ஊசி நல்லா பிடிக்கும், டி வகைக்கு ரொம்ப சுமார், நம்ம நாட்டுல இந்த ரெண்டும் தான் அதிகம். ஏ, டி ரெண்டுலயுமே 12வது வாரம் சர்ஃபேஸ் ஆன்டிஜென் அளவு கொஞ்சம்கூட இறங்கலன்னா நிறுத்திடறது நல்லதுன்னு வழிகாட்டுதல் இருக்கு, 48 வாரம் வீணா கஷ்டப்பட வேண்டாம். தாராவில இருக்கற எங்க சித்தப்பாவுக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப் போறது) முத்தி வயித்துல தண்ணி கோத்துடுச்சு, அவருக்கு ஊசிங்கற பேச்சே கிடையாது, அந்த நிலைமைல இன்டர்ஃபெரான் உயிருக்கே ஆபத்து. அவர என்டகாவிர் தான் நிக்க வச்சிருக்கு.

ஊர்ல அம்மா கீழாநெல்லி அரைச்சுக் குடின்னாங்க. 1988ல சென்னை ஆய்வாளர்கள், இந்த வைரஸ கண்டுபிடிச்சு நோபல் வாங்கின ப்ளம்பெர்க்கோட சேர்ந்து, கீழாநெல்லி குடுத்து 37 பேர்ல 22 பேருக்கு சர்ஃபேஸ் ஆன்டிஜென் போச்சுன்னு லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதினாங்க. அப்புறம் மத்த இடங்கள்ல செஞ்ச ஆய்வுல அந்தப் பலன் கிடைக்கல. அத நம்பி சிகிச்சைய தள்ளிப் போடாதீங்க.

பொண்ணுங்களுக்கு கணக்கே வேற. கர்ப்பத்துல இன்டர்ஃபெரான் கூடவே கூடாது, குழந்தைக்கு இப்போவே பிளான் பண்றவங்க டெனோஃபோவிர் பக்கம் போறது தான் சரி. வைரஸ் லோட் ஒரு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு (IU/mL) மேல இருந்தா கர்ப்பத்தோட பின்பாதில டெனோஃபோவிர் குடுக்கறாங்க, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள முதல் தடுப்பூசி போட்டாகணும், டெலிவரிக்கு அட்மிட் ஆகும்போதே நர்ஸ்கிட்ட வாய்விட்டுக் கேட்டு வச்சிருங்க.