பிஜி கவுன்சிலிங் ‘வழிகாட்டி’களிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்: மூன்றரை லட்சம் போனவள் எழுதுகிறேன்

நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். மூன்றரை லட்சம் போய்விட்டது. அதில் ஒன்றரை லட்சம் அந்த ‘வழிகாட்டி’களுக்கு நாங்களாகக் கொடுத்தது. மீதி இரண்டு லட்சம் அவர்கள் செய்த வேலையால் போனது.

மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வு எழுதியவர்களுக்கு இந்த ஆபீஸ் வகை நன்றாகத் தெரியும். ஏசி அறை, சுவர் முழுக்க சீட் வாங்கியவர்களின் புகைப்படம், வாசலில் ‘மெடிக்கல் அட்மிஷன் கைடன்ஸ்’ என்று போர்டு. 2025 ஆகஸ்ட் 3 பரீட்சை, 19ஆம் தேதி ரிசல்ட். அப்புறம் சீட் ஒதுக்கும் கவுன்சிலிங்குக்குப் பதிவு தொடங்க அக்டோபர் பாதி ஆகிவிட்டது. நடுவில் கிடக்கும் அந்த இரண்டு மாதம்தான் இவர்களுக்கு சீசன். என் ரேங்க் முப்பதாயிரத்துச் சொச்சம், ஆசை ரேடியாலஜி. ரேடியோவும் (ரேடியாலஜிதான்) டெர்மாவும் (தோல் மருத்துவம்) முதல் சில ஆயிரம் ரேங்க்கிலேயே அரசுக் கல்லூரிகளில் காலியாகிவிடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டிலும் பாதி, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்குப் போய்விடும். தெரிந்தும் போனேன்.

அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். அந்த ஆபீஸை நடத்தும் ஆள் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். “ஐயா, உட்காருங்க. டாக்டரம்மாவைப் பெத்தவரு நிக்கலாமா?” அப்பாவை அப்படி எழுந்து நின்று வரவேற்றவர்கள் அதிகம் பேர் இல்லை. டீ வந்தது. லேப்டாப்பைத் திருப்பி ஒரு எக்செல் ஷீட்டைக் காட்டினார்: கல்லூரி, துறை, போன வருஷக் கடைசி ரேங்க், எல்லாம் மஞ்சளும் பச்சையுமாக. “டீம்டு யுனிவர்சிட்டியில ரேடியோ கடைசி ரவுண்டுல எவ்வளவு இறங்குது பாருங்க. ஃபீஸை நாங்க பேசித் தவணையாக்கித் தர்றோம்.” டீம்டு என்றால் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எண்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே மனசு இளகிவிட்டது.

அந்த ஷீட்டில் இருந்ததெல்லாம் கவுன்சிலிங்கை நடத்தும் மத்திய அமைப்பான எம்சிசியின் இணையதளத்தில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் சும்மா போடும் அலாட்மெண்ட் பிடிஎஃப்தான். கலர் அடித்தது மட்டும் அவர்கள் வேலை. இது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அம்மாவின் வளையலை அடகு வைத்து ஒன்றரை லட்சம் புரட்டினோம். ஒரு லட்சம் ஜிபேயில் போனது. அன்றைக்கு அதற்கு மேல் போகாது என்பதால் மீதி ஐம்பதாயிரத்தைக் கையில் கொடுத்தோம். அந்த ஐம்பதாயிரத்துக்கு ரசீது இல்லை. ஒரு லட்சத்துக்குக் கொடுத்த ரசீதில் ‘கல்வி ஆலோசனை, திருப்பித் தரப்படாது’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. டீம்டுக்கும் சேர்த்துப் பதிய எம்சிசிக்கு 5,000 கட்டணம், 2,00,000 டெபாசிட். அதை நாங்களே கட்டினோம்.

“நீங்க டியூட்டியைப் பாருங்க மேடம், சாய்ஸ் ஃபில்லிங் எங்க டீம் பண்ணிடும்” என்று பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டார்கள். எந்தக் கல்லூரி, எந்தத் துறை வேண்டும் என்று வரிசையாகப் போடுவதுதான் சாய்ஸ் ஃபில்லிங். நான் சொன்னது இருபத்து மூன்று சாய்ஸ். ரேடியோ, டெர்மா, அதற்குக் கீழே ஜெனரல் மெடிசின். வேறு எதுவும் வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினேன். ரவுண்டு 1-இல் ஒன்றும் வரவில்லை. “நல்லதுதான் மேடம், சீட் எல்லாம் இனிமேதான் இறங்கும்” என்றார்கள்.

ரவுண்டு 2 ரிசல்ட்டில் என் பெயருக்கு நேரே வேறு மாநிலத்து டீம்டு கல்லூரியில் பேத்தாலஜி. சாய்ஸ் எண் 58. லாகின் செய்து பார்த்தால் என் இருபத்து மூன்றுக்குக் கீழே நாற்பத்தோரு வரி அவர்களாகச் சேர்த்து, இனி மாற்ற முடியாதபடி லாக் செய்திருக்கிறார்கள். பேத்தாலஜி மட்டமான துறை என்று நான் சொல்லவில்லை, என் ரூம்மேட் ஆசைப்பட்டு எடுத்து சந்தோஷமாக இருக்கிறாள். ஆனால் அது நான் கேட்டதில்லை. அந்த ஃபீஸுக்குக் கடையையே விற்றாலும் போதாது. ரவுண்டு 2-இல் கிடைத்த சீட்டில் சேராவிட்டால் டெபாசிட் போய்விடும். போய்விட்டது.

கூத்து என்னவென்றால், ரிசல்ட் வந்த அன்று மதியமே அதே ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, “கங்கிராட்ஸ் மேடம், எஜுகேஷன் லோன் வேணுமா?” என்றாள். அந்தக் கல்லூரியிடம் கமிஷன் உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரே அலைக்கழிப்பு. சார் மீட்டிங்கில் இருக்கிறார். சார் பெங்களூரு போயிருக்கிறார். “சேஃப்டிக்குப் போட்டது மேடம், நீங்கதான் ஓகே சொன்னீங்க.” எங்கே சொன்னேன் என்று கேட்டால் பதில் இல்லை, நீல டிக் மட்டும். மறுநாள் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்பா பஸ் பிடித்து நேரில் போனார். அன்றைக்கு எழுந்து நின்ற ஆள் உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. இரண்டு மணி நேரம் வாசலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். டீ கொடுத்தார்களா என்று கேட்டேன், சிரித்தார். போலீஸ் ஸ்டேஷனில் “பாஸ்வேர்டை நீங்களே கொடுத்திருக்கீங்களே டாக்டர்” என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன், பார்ப்போம்.

விவரமாக அறிவுரை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பாஸ்வேர்டு, ஓடிபி யாருக்கும் தராதீர்கள். சேர மாட்டோம் என்று தெரிந்த சீட்டை லிஸ்டில் வைக்காதீர்கள். லாக் ஆவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் நீங்களே படியுங்கள். ரசீது இல்லாமல் கையில் பணம் கொடுக்காதீர்கள். ‘கோட்டா பேசி முடிக்கிறோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள், டீம்டு சீட்டும் ரேங்க் வரிசையில் எம்சிசி வழியாகத்தான் போகிறது.

ரவுண்டு 3-க்கு நான் புதிதாகப் பதிய வேண்டும். டீம்டு வேண்டாம், அகில இந்திய ஒதுக்கீடு மட்டும், 25,000 டெபாசிட். மூன்றரை லட்சம் போன வீட்டில் அதையும் கேட்க வேண்டும். அப்பா இன்னும் கடை திறக்கவில்லை.