அமெரிக்க ஆர்.டி. பதிவு: தேர்வு நேர்மையானது, நடுவழிதான் கரடுமுரடு

கோவையிலோ சென்னையிலோ ஊட்டச்சத்தியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் முதலில் தேடுவது, "ஆர்.டி. (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன், பதிவுபெற்ற உணவியல் வல்லுநர்) தேர்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது?" என்பதைத்தான். முதல் சறுக்கல் அதுவே. தேர்வு இந்தப் பாதையின் கடைசிப் படி. பணமும் காலமும் கரைவதெல்லாம் அதற்கு முந்தைய படிகளில். ஆகவே தேர்வை மட்டும் எடைபோடாமல், பட்ட மதிப்பீட்டில் தொடங்கி பதிவு எண் கைக்கு வரும்வரை உள்ள முழுப் பாதையையும் ஒரே சேவையாக வைத்து இங்கே பார்க்கிறோம்.

பதிவை வழங்குவது கமிஷன் ஆன் டயட்டெடிக் ரெஜிஸ்ட்ரேஷன், சுருக்கமாக சி.டி.ஆர். படிப்புகளுக்கும் பயிற்சிகளுக்கும் அங்கீகாரம் தருவது ஏசெண்ட். இரண்டின் வேலையும் வேறு. கல்லூரி பற்றி சி.டி.ஆருக்கும் தேர்வு பற்றி ஏசெண்டுக்கும் மின்னஞ்சல் எழுதினால் வாரங்கள்தான் வீணாகும். ஆர்.டி. என்றாலும் ஆர்.டி.என். என்றாலும் தகுதி ஒன்றே. பெயரில் மட்டும்தான் மாற்றம். இந்திய டயட்டெடிக் அசோசியேஷனின் ஆர்.டி. கையில் இருந்தாலும் அதை அப்படியே அங்கே மாற்றிக்கொள்ள வழியில்லை.

2024 ஜனவரி 1 முதல், முதுகலைப் பட்டம் இல்லாமல் புதிதாக இந்தத் தேர்வுக்குத் தகுதி பெற முடியாது. அதுவரை இளங்கலை போதுமானதாக இருந்தது. இந்த மாற்றம் அமெரிக்க மாணவர்களுக்குப் பெரிய செலவு. ஆனால் தமிழ்நாட்டில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. என ஐந்து ஆண்டு படித்தவர்களுக்கு இது பெரும்பாலும் தடையே இல்லை, ஏனென்றால் சமமான வெளிநாட்டுப் பட்டத்தையும் சி.டி.ஆர். ஏற்கிறது. இது தெரியாமல் அங்கே போய் இன்னொரு முதுகலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுக் கல்விக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம். மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் இருப்பவர்களின் கணக்கு வேறு. சில மதிப்பீட்டு நிறுவனங்கள் அதை அமெரிக்காவின் நான்காண்டு இளங்கலைக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை.

பட்ட மதிப்பீட்டில் மலிவானதைப் பார்த்து ஏமாறுவது சகஜம். பட்டம் எதற்குச் சமம் என்று மட்டும் சொல்லும் சாதாரண அறிக்கை இங்கே பயன்படாது. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட்டும் மதிப்பெண்ணும் பிரித்துக் காட்டும் பாடவாரி மதிப்பீடுதான் வேண்டும். மதிப்பெண் சான்று பெரும்பாலும் கல்வி நிறுவனத்திலிருந்து நேரடியாகப் போகவேண்டும். உங்கள் கையிலிருக்கும் நகல் செல்லாது. தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும், மதிப்பெண்களோ கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் இருக்கும். இரண்டு இடத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்க நேரிடலாம். அதோடு, நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தை, வகுப்பு நேரமும் ஆய்வக நேரமும் தெரியும்படி, முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் சில ஆண்டுக்கு ஒருமுறை மாறும். பழையதைப் பிறகு தேடி எடுப்பது கடினம். விமானம் ஏறுமுன் செய்யவேண்டிய வேலை இது.

இந்த மதிப்பீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இடம், டி.பி.டி. எனப்படும் பாடநெறியை நடத்தும் ஒரு பல்கலைக்கழகம். அங்கே நெறி இயக்குநர் உங்கள் பாடங்களைத் தங்கள் பட்டியலோடு பொருத்திப் பார்த்து, எது போதும், எது குறைகிறது என்று சொல்வார். குறைவதைப் படித்து முடித்தால் சரிபார்ப்புச் சான்று கிடைக்கும். அது இல்லாமல் அடுத்த படிக்குள் கால்வைக்க முடியாது. இந்திய எம்.எஸ்சி.யில் உயிர்வேதியியலும் நோய்க்கால உணவும் வலுவாகவே இருக்கும். பொதுவாகத் துண்டு விழுவது உணவுச் சேவை மேலாண்மை, ஊட்டச்சத்து ஆலோசனை முறைகள், அமெரிக்காவின் பொதுச்சுகாதாரத் திட்டங்கள் ஆகியவற்றில். ஒரு எச்சரிக்கை: இந்த மதிப்பீடு இயக்குநருக்கு இயக்குநர் வேறுபடும். ஒருவர் மூன்று பாடம் என்பார், இன்னொருவர் ஒன்பது பாடம் என்பார். மூன்று இடத்திலாவது கேட்டுப் பார்க்காமல் எங்கும் பணம் கட்டாதீர்கள். ஒரே ஆவணத்துக்கு இத்தனை விதமான பதில் வருவது இந்தப் பாதையின் பெரிய குறை, அதற்குப் பொதுவான அளவுகோல் இருந்தாக வேண்டும்.

இனி மேற்பார்வையின்கீழ் செய்யும் பயிற்சி. ஏசெண்டின் 2022ஆம் ஆண்டுத் தரநெறிப்படி குறைந்தது 1000 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் வைத்தால் 25 வாரம். பல இடங்களில் இதைவிடக் கூடுதலாகவே கேட்கிறார்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. மாறாக நீங்கள்தான் கட்டணம் கட்டவேண்டும். விண்ணப்பம் பெரும்பாலும் டைகாஸ் என்ற பொதுத் தளத்தின் வழியாகப் போகும்.

பாடத்தையும் பயிற்சியையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும் ஒருங்கிணைந்த நெறிகள் உண்டு. முதுகலை இல்லாதவர்களுக்கு அதுவே நல்ல தேர்வு, ஏனென்றால் பயிற்சிக்கு இரண்டாவது முறை போட்டியிட வேண்டியதில்லை. எம்.எஸ்சி. இருப்பவர்கள் சரிபார்ப்புச் சான்றோடு, பட்டம் சேராத தனி இன்டர்ன்ஷிப்பைத் தேடுவது மலிவு. வெளிநாட்டு டயட்டீஷியன்களுக்கென்றே உள்ள நெறிகளும் இருக்கின்றன, எண்ணிக்கையில் மிகக் குறைவு.

வீட்டருகே பயிற்சி இடம் இல்லாதவர்கள் தொலைதூர இன்டர்ன்ஷிப்பைப் பிடித்துக்கொள்வார்கள். கேட்க எளிதாகத் தெரியும், நடப்பில் இதுதான் மிகக் கடினம். மருத்துவமனையையும் வழிகாட்டும் பிரிசெப்டரையும் நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு பிரிசெப்டர் வாயால் சரி என்றால் போதாது. அவருடைய மருத்துவமனைக்கும் உங்கள் நெறிக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். மருத்துவமனையின் சட்டப் பிரிவு அதை மாதக்கணக்கில் வைத்திருக்கும். செப்டம்பரில் தொடங்கும் பயிற்சிக்கு ஜூலையில் இடம் தேடுபவர்கள் ஓராண்டை இழக்கிறார்கள். முதலில் பிடிக்கவேண்டியது நோயாளிப் பிரிவுப் பயிற்சிக்கான இடம், அது கிடைப்பதுதான் அரிது. பள்ளி உணவுத் திட்டமும் சமூகப் பிரிவும் அதன்பின் எளிதில் அமையும்.

மருத்துவமனை கேட்கும் உடல்நலச் சான்றுகளில் நம்மவர்களுக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது. குழந்தையில் பி.சி.ஜி. போட்டவர்களுக்குக் காசநோய்த் தோல் பரிசோதனை தவறாக நேர்மறை காட்டலாம். அப்புறம் எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைச்சல். இக்ரா வகை ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. பாதிப்பதில்லை, முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். சின்னம்மை, தட்டம்மைக்குத் தடுப்பூசி அட்டை இல்லையென்றால் எதிர்ப்பொருள் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை பெரும்பாலான இடங்களில் செல்லும். ஹெபடைட்டிஸ் பி ஊசி வழக்கமாக மூன்று தவணை, ஆறு மாதம் பிடிக்கும் என்பதால் அதை முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

நெறியைத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல அளவுகோல் ஏற்கனவே இருக்கிறது. அங்கீகாரம் நிலைக்க வேண்டுமென்றால், முதல் முறை எழுதியதிலிருந்து ஓராண்டுக்குள் 80 சதவீத மாணவர்களாவது தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது ஏசெண்ட் விதி; மூன்று ஆண்டுச் சராசரியாக அதைக் கணக்கிடுகிறார்கள். இந்த எண்ணை ஒவ்வொரு நெறியும் தன் தளத்தில் வெளியிடும். வளாகப் படங்களைப் பார்க்குமுன் அந்த எண்ணைப் பாருங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை எங்களுக்குப் பெரிய குறை இல்லை. நன்றாக வடிவமைக்கப்பட்ட தேர்வு. கட்டணம் 225 டாலர், இடம் பியர்சன் வியூ கணினித் தேர்வு மையம், நேரம் மூன்று மணி. கேள்விகள் குறைந்தது 125, அதிகம் 145. அவற்றில் 25 சோதனைக் கேள்விகள், மதிப்பெண்ணில் சேராது. எவை அவை என்று தெரியவும் தெரியாது. 145 வரை போனால் கேள்விக்குச் சுமார் 74 விநாடிதான் கிடைக்கும். விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வர முடியாது. பத்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து எளியதிலிருந்து தொடங்கும் நம் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. 125இல் கணினி நின்றால் தேர்ச்சி, 145 வரை இழுத்தால் தோல்வி என்றெல்லாம் சொல்வதை நம்பவேண்டாம். மதிப்பெண் 1 முதல் 50 வரையிலான அளவில் வரும், 25 வந்தால் தேர்ச்சி. தவறினால் 45 நாள் காத்திருந்து, மறுபடியும் கட்டணம் கட்டி எழுதலாம்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தனிநபர், குழு ஊட்டச்சத்துப் பராமரிப்பு 45 சதவீதம். அடிப்படைக் கோட்பாடுகள் 21. உணவு, ஊட்டச்சத்துத் திட்ட மேலாண்மை 21. உணவுச் சேவை அமைப்புகள் 13. கடைசி இரண்டும் சேர்ந்து 34 சதவீதம், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நம் ஊரில் படித்தவர்கள் சிறுநீரக உணவையும் குழாய்வழி உணவையும் இரவுபகலாகப் படித்துவிட்டு, சமையற்கூடக் கணக்கைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பார்கள். பின்னர் 23, 24இல் நின்றுவிடுவது இதனால்தான்.

அந்தக் கணக்குகள் கடினமானவை அல்ல, பழக்கம்தான் வேண்டும். சுத்தம் செய்தபின் 25 பவுண்டு கேரட் வேண்டும், கழிவு போக 70 சதவீதம் தேறும் என்றால் வாங்கவேண்டியது 25 ÷ 0.70, அதாவது 35.7 பவுண்டு. 0.70ஆல் பெருக்கி 17.5 என்று குறிப்பவர்கள் நிறைய, அந்தத் தவறான விடையும் விருப்பங்களில் காத்திருக்கும். ஒரு முழுநேர ஊழியர் என்றால் ஆண்டுக்கு 2080 மணி நேரம். வாரம் ஏழு நாளும் ஆள் வேண்டிய ஒரு பணியிடத்துக்கு 7 ÷ 5, அதாவது 1.4 முழுநேர ஊழியர் தேவை. விடுமுறை, நோய் விடுப்பும் சேர்த்தால் 1.55. கரண்டி எண் என்பது ஒரு குவார்ட்டில், அதாவது 32 அவுன்ஸில், எத்தனை கரண்டி என்பது. ஆக எண் 8 என்றால் 32 ÷ 8, நான்கு அவுன்ஸ், அரைக் கப். எண் பெரிதானால் கரண்டி சிறிது.

வெப்பநிலை எல்லாம் ஃபாரன்ஹீட்டில் வரும். 41 முதல் 135 வரை ஆபத்து மண்டலம். சமைத்ததைக் குளிரவைக்கும்போது 135இலிருந்து 70க்கு இரண்டு மணி நேரத்துக்குள், 70இலிருந்து 41க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். கோழி 165 தொட வேண்டும். செல்சியஸுக்கு மாற்றி மனப்பாடம் செய்யாதீர்கள், தேர்வறையில் திரும்ப மாற்ற நேரம் இருக்காது.

பராமரிப்புப் பகுதியில் நம்மவர்கள் வழுக்கும் இடம் பி.இ.எஸ். வாக்கியம்: பிரச்சினை, காரணம், சான்று என்று மூன்று துண்டாக எழுதும் ஊட்டச்சத்து நோயறிதல். பிரச்சினை என்ற இடத்தில் "இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்" என்று எழுதினால் தவறு. அது மருத்துவரின் நோயறிதல். "மாவுச்சத்து மிகுதியாக உட்கொள்ளல், காரணம், ஒருவேளை அளவு பற்றித் தெரியாமை, சான்று, காலையில் ஆறு இட்லி என்ற உணவுப் பதிவும் ஹெச்பிஏ1சி 8.9 சதவீதமும்" என்பதுபோல் வர வேண்டும். காரணம் என்று எழுதுவது டயட்டீஷியனால் மாற்றக்கூடியதாக இருப்பது நல்லது. சிரைவழி (ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும்) ஊட்டக் கணக்கில் டெக்ஸ்ட்ரோஸுக்குக் கிராமுக்கு 4 கலோரி போடுவதும் பழக்கப்பிழைதான், அங்கே 3.4. ஐ.சி.டி.எஸ்., சத்துணவுத் திட்டம் தெரிந்தவர்கள் தாய்-சேய்க்கான அமெரிக்க டபிள்யூ.ஐ.சி. ஊட்டச்சத்துத் திட்டத்தையும் பள்ளி மதிய உணவுத் தகுதி வரம்புகளையும் புதிதாகப் படித்தாக வேண்டும். பள்ளியில் இலவச உணவுக்கு வறுமைக்கோட்டின் 130 சதவீதம், சலுகை விலைக்கு 185 சதவீதம் என்பதுபோன்ற எண்கள் நேரடியாகக் கேட்கப்படக்கூடியவை.

தேர்ச்சி பெற்றபின்னும் மாநில உரிமம் என்று ஒன்று தனியாக உண்டு. டெக்சாஸ் உரிமம் தருகிறது. கலிஃபோர்னியாவில் தனி உரிமம் இல்லை, டயட்டீஷியன் என்ற பட்டப் பெயருக்கு மட்டும் சட்டப் பாதுகாப்பு. குடியிருக்கும் மாநிலத்தின் விதியை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பதிவைத் தக்கவைக்க ஆண்டுக் கட்டணமும், ஐந்து ஆண்டுக்கு 75 தொடர்கல்விப் புள்ளிகளும் வேண்டும். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஒரு புள்ளி. ஆண்டுக்கு 15 என்று பிரித்துக்கொண்டால் சுமை தெரியாது.

காசுக்குத் தகுமா? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 கணக்குப்படி டயட்டீஷியன்களின் நடுநிலை ஆண்டு ஊதியம் 69,680 டாலர். எம்.எஸ்சி. கையில் இருந்து, நான்கைந்து பாடமும் ஒரு தனி இன்டர்ன்ஷிப்பும் போதும் என்றால் தயங்காமல் இறங்கலாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து, கடன் வாங்கித் தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்றால் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அந்த ஊதியத்தில் அந்தக் கடன் அடைய நெடுங்காலம் ஆகும்.

இடையில் காத்திருக்கும் காலத்துக்கு ஒரு வழி இருக்கிறது, பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. டி.பி.டி. சரிபார்ப்புச் சான்று கிடைத்ததும், இன்டர்ன்ஷிப் இல்லாமலேயே என்.டி.டி.ஆர். என்ற உணவியல் டெக்னீஷியன் தேர்வை எழுதலாம். சம்பளம் குறைவுதான். ஆனால் வேலை மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ கிடைக்கும், பெரும்பாலும் சமையற்கூடத்தை ஒட்டியே இருக்கும். இன்டர்ன்ஷிப்புக்குக் கையெழுத்திடப்போகும் பிரிசெப்டர்கள் அங்கேதான் வேலை செய்கிறார்கள். எண் 8 கரண்டியும் அங்கேதான் தொங்குகிறது.