ஃபோம் பெட்டி இன்குபேட்டர் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் படியுங்கள்

ரங்கூனிலிருந்து ஃபேஸ்புக், வைபர் வழியாக விற்கும், கோழி முட்டை பொரிக்கும் ஃபோம் பெட்டி இன்குபேட்டரைப் பற்றிய எச்சரிக்கை இது. 56 முட்டைக்கு என்று சொன்னார்கள். முழுப் பணத்தையும் போனில் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும், பெட்டி கார் கேட்டில் (வெளியூர் பஸ்ஸும் சரக்கும் வந்து சேரும் இடம்) வந்து இறங்கும். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும், முட்டையைத் தானே திருப்பும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பொரிக்கும் என்பது விளம்பரம். விற்பவர் தமிழில் பேசுகிறார், நம் ஆள்தானே என்ற நம்பிக்கையில்தான் பலரும் பணம் அனுப்புகிறார்கள். பெட்டியில் பொரித்தவை ஒற்றை இலக்கத்தில், அதிலும் சில கால் வளைந்த குஞ்சுகள். கேட்டால் பதில், "முட்டை சரியில்லை அண்ணே." மறுபடி கேட்டால் எண்ணைத் தடுத்துவிடுகிறார்.

முட்டைமேல் பழியைப் போட்டால் வாங்கியவரால் மறுக்க முடியாது என்ற தைரியம். மறுக்கலாம். பொரிக்காத முட்டையே சாட்சி சொல்லும், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

முட்டையைப் பெட்டியில் வைத்து 22ஆம் நாள் முடிந்ததும் பொரிக்காதவற்றை ஒவ்வொன்றாகத் தட்டின் மேல், அகலமான முனையிலிருந்து உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கரு அப்படியே இருந்து கருவின் சுவடே இல்லையென்றால் அது கூமுட்டை. சேவல் போதவில்லை, முட்டை பழசு, அல்லது வழியில் குலுங்கியது. அதற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் முதல் சில நாளிலேயே கரு செத்திருக்கிறது; சேமித்த விதமும் காரணமாகலாம், பெட்டியின் தொடக்கச் சூடும் காரணமாகலாம். ஆனால் இறகு முளைத்து, அலகு தெரிந்து, முழுக் குஞ்சாகி உள்ளேயே செத்துக் கிடந்தால், அந்த முட்டை நல்ல முட்டை. பதினெட்டு இருபது நாள் வளர்ந்த கருவை 'சரியில்லாத முட்டை' என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே குற்றவாளி பெரும்பாலும் பெட்டிதான்: சூடு, ஈரம், காற்று இவற்றில் ஏதோ ஒன்று.

எது என்பதையும் குஞ்சே காட்டிவிடும். உடல் ஊதி, ஓட்டுக்குள் நீர் தேங்கி, குஞ்சு பிசுபிசுவென்று இருந்தால் ஈரம் கூடிப்போனது. ஓட்டைக் குத்திவிட்டு, உள்சவ்வு காய்ந்து உடலோடு ஒட்டிக்கொண்டு செத்திருந்தால் கடைசி மூன்று நாளில் ஈரம் போதவில்லை. 19ஆம் நாளே வெளியே வந்து, தொப்புள் ஆறாமல் ரத்தம் கசிந்தால் சூடு அதிகம். 23ஆம் நாள் வரை இழுத்து, வயிறு பெரிதாகத் தொளதொளவென்று இருந்தால் சூடு குறைவு. இந்தப் பெட்டியில் உடைத்துப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் முழுக் குஞ்சு, நீர் தேங்கியவை.

இதைவிட உறுதியான ஆதாரம் வேண்டுமென்றால், ஒரே கோழிகளின் முட்டையில் பத்தை அதே நாளில் அடைக்கோழிக்கு வையுங்கள், மீதியைப் பெட்டிக்கு. கோழியின் கீழ் எட்டு பொரித்து, பெட்டியில் பத்துக்கு ஒன்று பொரித்தால் அப்புறம் வாதாட என்ன இருக்கிறது?

இப்போது பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

முதல் ஏமாற்று, பேட்டரி. இங்கே கரண்ட் முறை வைத்து வந்து போகும் நிலையில், எல்லோரும் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் வாங்குகிறார்கள். பெட்டியின் பக்கவாட்டில் 12 வோல்ட் துளை இருக்கிறது. பேட்டரியை மாட்டினால் திரை எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, எல்லாம் ஓடுவதுபோலத் தெரிகிறது. மூடியைக் கழற்றி வயரைப் பின்தொடர்ந்தால் ஹீட்டர் 230 வோல்ட்டில் மட்டும்தான் சேர்ந்திருக்கிறது. 12 வோல்ட் வயர் திரைக்கும் ஃபேனுக்கும் திருப்பும் மோட்டாருக்கும் மட்டுமே. அதாவது கரண்ட் போனதும் பேட்டரி செய்வது, ஃபேனைச் சுற்றி முட்டையைச் சீக்கிரம் ஆற்றுவது. பேட்டரியே இல்லாமல் மூடிவைத்திருந்தால்கூட இதைவிட மெதுவாகத்தான் ஆறியிருக்கும்!

இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன் தேவையில்லை. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒரு வயரின் நடுவில் தொடராகச் சேருங்கள். ஹீட்டர் உண்மையாகவே 12 வோல்ட்டில் எரிந்தால், 60 வாட் ஹீட்டர் 5 ஆம்பியர் இழுக்கும். அரை ஆம்பியருக்குள் காட்டினால் ஃபேனும் திரையும் மட்டுமே. சூடு இறங்கி ஹீட்டர் எரிய வேண்டிய நேரத்தில்தான் அளக்க வேண்டும். சூடு சரியாக இருக்கும்போது நல்ல பெட்டியும் குறைவாகவே இழுக்கும்.

உண்மையான 12 வோல்ட் ஹீட்டருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 60 வாட் ஹீட்டர் நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு எரிகிறது என்று வைத்தால் சராசரி 24 வாட், அதாவது 2 ஆம்பியர். நான்கு மணி நேரத்துக்கு 8 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. ஆகவே 16 தேவை, 20க்கு மேல் வைத்துக்கொண்டால் நல்லது. மோட்டார் சைக்கிள் பேட்டரி போதும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தச் சின்ன பேட்டரி ஒரு கரண்ட் வெட்டைக்கூடத் தாண்டாது.

இதோடு குறைந்த வோல்டேஜையும் சேர்த்துப் பாருங்கள். கிராமத்தில் மாலையில் வீட்டு இணைப்பு 160 வோல்ட்டுக்கு இறங்கினால் 230 வோல்ட் ஹீட்டர் தன் சக்தியில் பாதிக்கும் குறைவாகத்தான் தரும். வோல்டேஜ் குறைந்தால் சக்தி அதன் வர்க்கத்தில் குறையும். ஜனவரி இரவில் பெட்டி முட்டைக்கு வேண்டிய 37.5 டிகிரியை எட்டவே எட்டாது. டிவிக்குப் போட்டிருக்கும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரிலேயே பெட்டியையும் போடுங்கள்.

அடுத்தது, சூட்டைப் பார்த்து ஹீட்டரை எரியவும் அணையவும் வைக்கும் தெர்மோஸ்டாட். பெட்டியில் வைத்திருப்பது W1209 என்ற மலிவான பலகை. பெயர் பலகையிலேயே அச்சிட்டிருக்கும். பலகை மோசமில்லை, அதை அமைக்காமல் விற்பதுதான் மோசம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது P1 என்ற இடைவெளி 2 டிகிரியில் இருக்கும். 37.5 என்று வைத்தால் 35.5க்கு இறங்கிய பிறகுதான் ஹீட்டர் மறுபடி எரியும். அணைந்த பிறகும் கம்பியில் இருக்கும் சூடு மேலே இழுக்கும். திரையில் 37.5 தெரிகிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம்.

உண்மையைப் பார்க்க மருந்துக்கடைப் பாதரசக் காய்ச்சல் தெர்மாமீட்டர் போதும். அது ஏறிய உச்சத்திலேயே நின்றுவிடும், அதுதான் நமக்கு வசதி. உதறி இறக்கி, முட்டையின் மேல்மட்டத்தில், ஒரு மூலையில் இரவு முழுக்க வைத்து எடுங்கள். இந்தப் பெட்டியில் 39க்கு மேலே நின்றது. ஃபேன் உள்ள பெட்டியில் 37.5 வேண்டும். ஃபேன் இல்லாத பெட்டியென்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வாக்கில். முட்டை குளிரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. 32 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் கிடந்தால் வளர்ச்சி தாமதமாகும், அவ்வளவுதான். 40.5இல் அரை மணி நேரம் போதும், கரு கெட்டுவிடும். கரண்ட் போனதும் பதறிப்போய் பெட்டிக்குள் விளக்கு வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சரிசெய்வது எளிது. செட் பொத்தானை ஐந்து வினாடி அழுத்தினால் P0 வரும், அது H (சூடாக்கும் முறை) என்று இருக்க வேண்டும். பிறகு P1ஐ 0.2 ஆக்குங்கள். சென்சார் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தால் பெயர்த்து, முட்டைக்கு மேலே தொடாமல் தொங்கவிடுங்கள். திரைக்கும் தெர்மாமீட்டருக்கும் வித்தியாசம் இருந்தால் P4இல் திருத்தலாம். இரண்டையும் ஒரே சொம்பு வெதுவெதுப்பான நீரில் வைத்துப் பார்த்த பிறகு மட்டும். பலகையில் ஹீட்டரை எரிய, அணைய வைக்கும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது, முட்டை வெந்துவிடும். அதற்குக் காவலாக இன்னொரு தெர்மோஸ்டாட்டை ஹீட்டர் வயரிலேயே தொடராகச் சேர்த்து 38.5இல் வையுங்கள்.

ஈரம் பற்றிய விஷயத்தில்தான் விற்பவரின் 'வழிகாட்டி' அதிகம் கெடுக்கிறது. "முதல் நாளிலிருந்தே இரண்டு தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பி வையுங்கள்" என்று எழுதியிருக்கிறது. எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று இல்லை. குளிர்நாட்டுக்கு எழுதியதை அப்படியே ஒட்டிவிட்டார்கள் போல.

பெகுப் பக்கம் ஆடி மாத மழையில் அறையில் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்றைப் பெட்டிக்குள் 37.5க்குச் சூடாக்கினால் ஈரப்பதம் தானே 50 சதவீதம் வாக்கில் வந்து நிற்கும். முதல் 18 நாளுக்கு வேண்டியது 45 முதல் 55 வரைதான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டியதில்லை. அங்கே இரண்டு தொட்டியையும் நிரப்பினால் எழுபதைத் தாண்டும். முட்டையிலிருந்து நீர் வெளியேறாது, அகலமான முனையில் உள்ள காற்றறை பெரிதாகாது, குஞ்சு மூச்சுவிட இடமில்லாமல் சாகும். மேலே சொன்ன நீர் தேங்கிய குஞ்சுகள் இப்படித்தான் போயின. தை மாதம் அப்படியே தலைகீழ். 22 டிகிரி, 60 சதவீதக் காற்று பெட்டிக்குள் 25க்கு இறங்கும், அப்போது தண்ணீர் கட்டாயம். மாண்டலே வறட்சியிலும் அதே கதை. 18ஆம் நாளுக்குப் பிறகு எந்த மாதமானாலும் 65 முதல் 70 வரை ஏற்றுங்கள்.

பெட்டியோடு வரும் ஈரமானியை நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, கரையாமல் சேறுபோல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் 7 குறைவாகக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நம்பிக்கையானது தராசு. முட்டை 18 நாளில் தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். பத்து முட்டை 450 கிராம் என்றால் ஏழாம் நாள் 430 வாக்கில், 18ஆம் நாள் 390க்கும் 400க்கும் நடுவில் வர வேண்டும். அதிகம் இருந்தால் தண்ணீரை எடுங்கள், குறைந்தால் ஊற்றுங்கள்.

'தானே திருப்பும்' என்பதும் பாதிப் பொய். தட்டு அசைகிறது, முட்டை உருளவில்லை. நாட்டுக்கோழி முட்டையின் சுற்றளவு 13 சென்டிமீட்டர் வாக்கில். கால் சுற்றாவது உருள வேண்டுமென்றால் தட்டு மூன்றேகால் சென்டிமீட்டராவது நகர வேண்டும். இது ஒன்றரைதான் நகர்கிறது. பென்சிலால் ஒரு பக்கம் X, மறுபக்கம் O போட்டு வைத்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். உருளவில்லையென்றால் கையால் நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள், 18ஆம் நாளோடு நிறுத்திவிடுங்கள்.

காற்றுத் துளை இரண்டு, பென்சில் பருமன்கூட இல்லை. கடைசி வாரம் குஞ்சுக்குக் காற்று அதிகம் தேவை. கீழே இரண்டு, மூடியில் இரண்டு, ஒரு சென்டிமீட்டர் அளவில் போட்டு, ஆரம்ப நாளில் பாதியை டேப்பால் அடைத்து, பத்தாம் நாளிலிருந்து திறந்துவிடுங்கள்.

முட்டை விஷயத்தில் நம் பங்கையும் சரியாக வைத்துக்கொண்டால்தான் விற்பவரிடம் வாய் பேச முடியும். கழுவிய முட்டை வேண்டாம். கூர் முனை கீழே இருக்கும்படி வைத்து, ஏழு நாளுக்குள் பெட்டியில் ஏற்றுங்கள். சித்திரை வெயிலில் மூன்று நாளே அதிகம். 27 டிகிரிக்கு மேல் கிடந்தால் கரு அரைகுறையாக விழித்துப் பலவீனமாகும். அவர்களே 'கருவுள்ள முட்டை' என்று பெட்டியோடு சேர்த்து விற்பதையும் வாங்காதீர்கள். குறை எதில் என்று அப்புறம் பிரித்தே காட்ட முடியாது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் ஏழாம் நாளிலும் பதினான்காம் நாளிலும் இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்து, முட்டையில் எண்ணும் தேதியும் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். நரம்பு பரவிய படத்தைக் காட்டினால் 'முட்டை சரியில்லை' என்ற பேச்சு எடுபடாது.

இன்னும் வாங்காதவர்கள், கார் கேட்டில் பெட்டி வந்த பிறகு பாதிப் பணம் என்று கேளுங்கள். மறுத்தால், வீடியோ காலில் சுவர் பிளக்கைக் கழற்றச் சொல்லி, பேட்டரியில் மட்டும் ஒரு மணி நேரம் ஓடும்போது திரையில் சூடு நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து ஹீட்டர் கம்பியையும் காட்டச் சொல்லுங்கள். கம்பி ஃபோம் மேல் நேராகப் படிந்திருந்தால் வாங்கவே வேண்டாம், ஃபோம் உருகித் தீப்பிடிக்கும். ஏற்கெனவே கையில் இருந்தால் கம்பியைப் பீங்கான் தாங்கியிலோ தகரத் தகட்டின் மேலோ ஃபோமிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஏற்றி, பெட்டியை மர அலமாரியில் வைக்காமல் சிமெண்ட் தரையில் வையுங்கள்.