இந்தியா மார்க் 2-ஆ, ஆஃப்ரிடெவா?

ஆப்பிரிக்கக் கிராமங்களில் கிறிஸ்தவச் சபைகளும் மிஷன்களும் போர்வெல் போட்டுக் கொடுத்தால், மேலே நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டு அடிபம்புகளில் ஒன்றுதான்.

மார்க் 2 நம் தெருமுனையில் பார்த்த அதே பம்பு. அதன் முன்னோடியே 1960-களில் மகாராஷ்டிராவின் ஜால்னாவில் மிஷனரிகளின் பட்டறையில் பிறந்ததுதான். 1970-களில் யூனிசெஃப் துணையோடு சென்னையில் தயாரானது. நாள் முழுக்க அடித்தாலும் தாங்கும். ஆனால் உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டால் இரும்புக் குழாய் மொத்தத்தையும் மேலே இழுக்கணும். கனமான வேலை, மெக்கானிக் வராமல் நடக்காது. அமிலத்தன்மை உள்ள நிலத்தடி நீரில் துருவும் பிடிக்கும். குடத்தில் செம்மண் நிறம், வாயில் இரும்பு ருசி. அப்புறம் என்ன, பெண்கள் பழைய குட்டைக்கே திரும்பிவிடுவார்கள்.

ஆஃப்ரிடெவ் 1980-களில் மலாவியிலும் கென்யாவிலும் உருவானது. பிவிசி குழாய், துரு இல்லை. ஒரே ஸ்பானரால் திறந்து, குழாயைக் கழற்றாமலே, வாஷர் இருக்கும் பிஸ்டனை வெளியே எடுக்கலாம். கிராமத்துப் பெண்களே செய்துவிடலாம்.

தண்ணீர் 45 மீட்டருக்குள் கிடைத்தால் என் ஓட்டு ஆஃப்ரிடெவுக்கு. அதற்கும் கீழே என்றால் மார்க் 2-இன் அதிக ஆழ வகைதான். எதுவானாலும், பக்கத்துச் சந்தையில் அதன் வாஷர் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.