மீட்டர் முள் பொய் சொன்னால்: பழைய போர்டா, செகண்ட்ஸ் போர்டா, தனிக் கேஜா?

வண்டி 1988 மாடல். போன வருடம் ஒரு மத்தியானம் 10 லிட்டர் பெட்ரோல் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன், பெட்ரோல் முள் ஃபுல் கோட்டையும் தாண்டிப் போய் நின்றது. பத்து லிட்டரில் டாங்க் நிரம்பும் அதிசயத்தை ரசித்துக்கொண்டே இரண்டு கிலோமீட்டர் போயிருப்பேன், டெம்பரேச்சர் முள்ளும் சிவப்பில் ஒட்டிக்கொண்டது. ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் கொதிப்பும் இல்லை, ஆவியும் இல்லை.

தெருமுனை எலக்ட்ரீஷியன் குனிந்துகூடப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லிவிட்டார். "மீட்டர் போர்டே போச்சு சார், செகண்ட்ஸ்ல ஒண்ணு எடுத்து மாட்டிரலாம்." மச்சான் வேறு வழி சொன்னான். "அந்தப் பழசை விடுங்க மாமா, தனியா ரெண்டு கேஜ் வாங்கி டாஷ்போர்டுக்குக் கீழே திருகிடலாம்." எனக்கோ இருப்பதையே பிரித்துப் பார்த்துவிடலாம் என்று கை அரித்தது. ஆக மூன்று வழி. நான் முதலில் எலக்ட்ரீஷியன் சொன்ன வழிக்குப் போய், காசையும் கொடுத்துவிட்டு, கடைசியில் என் வழிக்கே திரும்பி வந்தேன். அதனால் இது நடுநிலையான அலசல் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த வழிக்குப் போவதானாலும் கோளாறு எங்கே என்று பார்க்காமல் காசை இறைக்கக் கூடாது. இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் கிறுக்குப் பிடித்து ஆடினால் இரண்டு கேஜும் ஒரே நாளில் செத்துப்போயிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் படுத்திருக்கும். ஃபியூஸ், எர்த்து, இல்லையென்றால் கேஜ்களுக்குச் சீரான வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர். ஒரு முள் மட்டும் தப்பாகக் காட்டினால் அதன் சென்சார், ஒயர், கேஜ் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். டெம்பரேச்சருக்குச் சோதனை சுலபம். என்ஜினில் இருக்கும் சென்சாரின் ஒயரைக் கழற்றி, சாவியைப் போட்டு, ஒயர் நுனியை என்ஜின் பாடியில் ஒரு நொடி தொட்டால் முள் சூட்டுப் பக்கம் ஏற ஆரம்பிக்க வேண்டும். ஏறினால் கேஜும் ஒயரும் நன்றாகத்தான் இருக்கின்றன, சென்சார்தான் போயிருக்கிறது. முள் கோடிக்குப் போகும் வரை பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், கேஜ் சுருள் கருகிவிடும். பெட்ரோலுக்கும் இதே சோதனைதான், ஆனால் டாங்க் யூனிட் (டாங்கில் இருக்கும் பெட்ரோல் அளவு சென்சார்) பக்கத்தில் பொறி பறக்கவிடாமல் தள்ளியிருக்கும் கனெக்டரில் செய்யுங்கள். அங்கே முள் ஃபுல்லுக்குப் போகுமா காலிக்குப் போகுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். நகர்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் வண்டியில் இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே போனதால் சந்தேகம் நேராக ஸ்டெபிலைசர் மேல் போயிருக்க வேண்டும். பிரிட்டிஷ் வழி வந்த பழைய கார்களில் மீட்டர் போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகர டப்பி இருக்கும். உள்ளே ஒரு உலோகப் பட்டை, அதைச் சுற்றிச் சூடாகும் கம்பி. பட்டை சூடாகி வளைந்தால் இணைப்பு விடும், ஆறினால் மறுபடி ஒட்டும். இப்படி விட்டு விட்டு ஒட்டி, பேட்டரியின் 12 வோல்ட் சொச்சத்தைச் சராசரியாக 10 வோல்ட் அளவுக்கு இறக்கி இரண்டு கேஜுக்கும் கொடுக்கும். அந்த டப்பிக்கு எர்த்து கிடைக்கவில்லை என்றால் கம்பி சூடாகாது, இணைப்பு விடவே விடாது, முழு வோல்ட்டும் கேஜுக்குப் போய்விடும். அப்புறம் பத்து லிட்டருக்கு ஃபுல் டாங்க்தான்.

ஆனால் இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எலக்ட்ரீஷியன் பேச்சைக் கேட்டு நேராகச் சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே நாலைந்து கடை ஏறி இறங்கி, 1,800 ரூபாய்க்கு ஒரு போர்டு எடுத்து வந்தேன். கண்ணாடியில் கீறல் இல்லை, எழுத்து மங்கவில்லை, ஆசையாகத்தான் இருந்தது. வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: என் போர்டில் 84 ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், வந்ததில் 31 ஆயிரம்.

என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயமும் இந்த எண்ணில்தான் இருக்கிறது. ஐந்து இலக்க மீட்டர், 99,999 தாண்டினால் மறுபடி சைபர், முப்பத்தைந்து வருட வண்டியில் அந்த எண்ணை யார் நம்பப்போகிறார்கள் என்று கேட்கலாம். நம்ப மாட்டார்கள்தான். ஆனால் பழைய வண்டி வாங்க வருகிறவர் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. சர்வீஸ் பில்லில் எழுதியிருக்கும் கிலோமீட்டரும் மீட்டரில் ஓடும் கிலோமீட்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். என்னிடம் பத்து வருடத்துப் பில் ஒரு ஃபைலில் இருக்கிறது, எல்லாவற்றிலும் ஆயில் மாற்றிய கிலோமீட்டர் வரிசையாக ஏறிக்கொண்டே வரும். அந்த வரிசை திடீரென்று 84-லிருந்து 31-க்கு இறங்கினால், "போர்டு மாத்தினேங்க" என்று நான் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் மீட்டரைத் திருப்பி விற்கிறவனும் அதையேதான் சொல்வான். வாங்குகிறவர் விலையைக் குறைக்க அது ஒன்று போதும். சரி, புது போர்டின் எண்ணை 84-க்கு ஏற்றிவிடலாமே என்றார் கடைக்காரர். ஏற்றுவதும் கை வைப்பதுதானே? அதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பற்சக்கரத்தை நெம்பினால் அது அப்புறம் ஒழுங்காக ஓடுமா என்ற பயமும் இருந்தது.

கிலோமீட்டரை விட்டாலும் வேகத்தில் ஒரு சிக்கல் உண்டு. கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டர் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் இத்தனை சுற்று என்ற கணக்கில் செய்தது; பல ஜப்பானிய வகை மீட்டர்களில் அது 637. வேறு கியர்பாக்ஸ் உள்ள மாடலின் போர்டு அச்சாகப் பொருந்திவிடும், ஆனால் 60 என்று காட்டும்போது வண்டி 68-ல் போய்க்கொண்டிருக்கும். 15 வருடம் முடிந்த சொந்தக் கார்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதால் ஸ்பீடோமீட்டர் விஷயத்தில் நான் விளையாடுவதாக இல்லை.

போர்டை மாற்றும்போது பலர் கோட்டை விடும் இன்னொன்று சார்ஜ் விளக்கு. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய ஆல்டர்னேட்டர்களில் பலவும் அந்தச் சின்ன பல்பு வழியாக வரும் மின்சாரத்தில்தான் விழித்துக்கொள்ளும். வந்த போர்டில் அந்த பல்பு ஃப்யூஸ் போயிருந்தாலோ, அழகுக்காக எல்இடி போட்டிருந்தாலோ பேட்டரி சார்ஜ் ஏறாமல் படுக்கலாம்.

ஆக, என் போர்டையே மேஜையில் கவிழ்த்துப் போட்டேன். ஸ்டெபிலைசர் டப்பியைப் பிடித்திருந்த திருகு பச்சை பூத்துக் கிடந்தது. எமரி தாளில் நாலு தேய், போர்டின் செம்பு ஓட்டங்களைப் பென்சில் ரப்பரால் ஒரு துடைப்பு, போர்டிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு எர்த்து ஒயர். செலவு சைபர். முள் ஒழுங்காக இறங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்து மறுபடி ஏறியது, இந்த முறை டப்பிக்குள்ளேயே இணைப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் 7810 என்று கேட்டால் மூன்று கால் உள்ள ஐசி ஒன்று கொடுப்பார்கள், ஒரு டீ வடை காசு. ஒரு காலில் பேட்டரி, நடுக்காலில் எர்த்து, மூன்றாவதில் அசையாத 10 வோல்ட். அதைப் பழைய டப்பிக்குள்ளேயே ஒளித்து, முதுகைத் தகரத்தோடு சேர்த்துத் திருகிவிட்டேன், சூடு அதில் இறங்கிவிடும். பேட்டரி மைனஸ் பாடியில் இருக்கும் வண்டிகளுக்குத்தான் இது சரிப்படும். ஒரே குறை, உள்ளே வரும் வோல்ட் 12-க்குக் கீழே இறங்கினால் இதுவும் 10-லிருந்து இறங்கிவிடும். இரவில் ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓட சிக்னலில் நிற்கும்போது என் பெட்ரோல் முள் ஒரு நூல் சரியும். அதோடு வாழ்ந்துவிடலாம்.

மச்சான் சொன்ன தனிக் கேஜ் பற்றி எனக்குத் தெரிந்தது அவன் வண்டியில் ஆறு மாதம் பார்த்தது மட்டும்தான், நான் ஓட்டியதில்லை. 52 மில்லிமீட்டர் வட்டக் கேஜ், இரவில் பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. டெம்பரேச்சர் கேஜ் தனக்கென்று சென்சாரோடு வருவதால் அது உண்மையைச் சொல்கிறது. கோட்டுக்குப் பதில் டிகிரியிலேயே காட்டுவது எனக்கே கொஞ்சம் பொறாமை. பெட்ரோல் கேஜ்தான் வம்பு. காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33 ஓம் எதிர்பார்க்கும் கேஜை, காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180 ஓம் காட்டும் டாங்க் யூனிட்டோடு கோர்த்தால் ஃபுல்லுக்குக் காலி, காலிக்கு ஃபுல். மச்சான் இரண்டு வாரம் அப்படித்தான் ஓட்டினான், மனக்கணக்கில். வாங்கும் முன் மல்டிமீட்டரால் டாங்க் யூனிட்டை அளந்திருந்தால் அந்த வேடிக்கை மிச்சம். டாஷ்போர்டில் துளை போட்டால் அது மூடாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேஜே உண்மையில் செத்திருந்தால் என்ன செய்வது? அப்போது செகண்ட்ஸ் போர்டு வாங்கத்தான் வேண்டும், ஆனால் முழுசாக மாட்ட அல்ல. பழைய போர்டுகளில் பெரும்பாலும் பெட்ரோல், டெம்பரேச்சர் கேஜ்கள் தனித்தனித் திருகில் கழன்று வரும். அதை மட்டும் எடுத்து உங்கள் போர்டில் மாற்றினால் ஸ்பீடோமீட்டரும் கிலோமீட்டரும் உங்களுடையதாகவே இருக்கும். டிஜிட்டல் எண் ஓடும் புது மாடல்களில் இது நடக்காது.

என் 1,800 ரூபாய் போர்டு இன்னும் டிக்கியில் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. இதுவரை அதிலிருந்து எடுத்தது ஒரே ஒரு பல்பு ஹோல்டர்.