இஎல்84 ஆம்புக்கு வால்வும் கெப்பாசிட்டரும்: காது சொன்னது, மீட்டர் சொன்னது

என்னுடையது வால்வில், அதாவது வெற்றிடக் குழாயில், ஓடும் சின்ன ஸ்டீரியோ ஆம்ப். முன்னால் சிக்னலைப் பெருக்கும் வால்வு ஒரு இசிசி83, பின்னால் ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இஎல்84. எதிர்ப் பின்னூட்டம், அதாவது வெளியீட்டில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டுப் பிழையைக் குறைக்கும் ஏற்பாடு, கிடையாது. பக்கத்துக்கு ஐந்து வாட் வந்தாலே பெரிது. பாகங்கள் குறைவு, எதை மாற்றினாலும் கேட்கும் என்று நினைத்துத்தான் கிடைத்த வால்வுகளையும், முன் வால்விலிருந்து பின் வால்வுக்கு டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கெப்பாசிட்டர்களையும் மாற்றி மாற்றிப் போட்டேன். வால்வில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. கெப்பாசிட்டரைப் பற்றிப் புகழ்ந்து சொல்லப்படுவதில் முக்கால்வாசி என் காதுக்கு எட்டவில்லை.

முதலில் இஎல்84. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே போட்டால் கீழ்ஸ்தாயி கொழுகொழுவென்று வரும், குரல் கொஞ்சம் குழையும். ரஷ்யத் தயாரிப்பான எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பளிச்சென்று இருக்கும். மந்தமான ஸ்பீக்கருக்கு நல்லது, ஏற்கெனவே கூர்மையான ஸ்பீக்கரில் வயலின் காதைக் குத்தும். எனக்குப் பிடித்தது பழைய சோவியத் 6பி14பி (6P14P). அடியில் உள்ள ஊசிக் கால்களின் அமைப்பு இஎல்84-இன் அதேதான், அப்படியே செருகலாம். அதிலும் பெயருக்குப் பின்னால் இவி என்று போட்டிருப்பது நீண்ட ஆயுளுக்கும் அதிர்வைத் தாங்கவும் செய்தது. அலட்டல் இல்லாத ஒலி.

முன் வால்வில் எந்த பிராண்டு என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். முழுச் சத்தத்துக்கு இஎல்84-இன் கிரிட்டுக்கு, அதாவது சிக்னல் நுழையும் முனைக்கு, நாலரை வோல்ட்டுக்குள்தான் சிக்னல் வேண்டும். சிடி பிளேயரே 2 வோல்ட் தருகிறது. இசிசி83-இன் பெருக்கக் காரணி 100. சர்க்யூட்டில் ஐம்பது மடங்குக்கு மேல் தூக்கிவிடும். விளைவு, வால்யூம் குமிழ் அசைந்த மாத்திரத்தில் வீடு அதிரும், கூடவே இரைச்சலும் பெருகும். இசிசி82-இன் காரணி 20-க்குள்தான். இந்த வேலைக்கு அதுவே தாராளம். என்ன, வால்வின் மற்ற இரண்டு முனைகளான பிளேட், கேத்தோடு ஆகியவற்றின் ரெசிஸ்டர்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். எந்த வால்வு வாங்கினாலும் ஆம்ப் ஓடும்போது பென்சிலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணி அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். உள்ளே கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, செருகவே வேண்டாம்.

சரி, கெப்பாசிட்டர். வீமா பாலிப்ரொப்பிலீன், ஆரஞ்ச் டிராப், சோவியத் கே40ஒய்-9 காகித எண்ணெய் வகை, மூன்றிலும் 0.1 மைக்ரோஃபாரட். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால் முழிப்பேன். மூன்றாவது ஒரு இழை மென்மை என்று தோன்றியது. எது மாட்டியிருக்கிறது என்று தெரிந்தே கேட்டதால் அதையும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மீட்டர் சொன்ன கதை வேறு. பெயர் வேண்டாம், பழைய ஸ்டாக்கில் வந்த இன்னொரு காகிதக் கெப்பாசிட்டரையும் போட்டுப் பார்த்தேன். இஎல்84-ஐக் கழற்றி வைத்துவிட்டு கிரிட் முனையில் மீட்டரை வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் டிசி நின்றது. கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம். ஒரு மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே 0.47 வோல்ட் ஆகிவிடும். வால்வின் மின்னோட்டத்தை அடக்கி வைக்கும் பயாஸ் வோல்ட்டேஜே ஏழு வோல்ட் சொச்சம்தான். கேத்தோடு ரெசிஸ்டர் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், ஆனால் கசிவு கூடக் கூட பிளேட் சிவந்து வால்வு போய்விடும். புதிய பாலிப்ரொப்பிலீனில் மீட்டர் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. என் ஓட்டு அதற்கே. வோல்ட்டேஜில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: இசிசி83 சூடாகும் வரை அதன் பிளேட்டில் முழு சப்ளையும் நிற்கும், 630 வோல்ட் வாங்கினால் கவலை இல்லை.

மிச்சப்படும் பணத்தைப் பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களில் போடுங்கள். 450 வோல்ட், 105 டிகிரி வகை. வால்வுச் சூட்டுக்குப் பக்கத்தில் 85 டிகிரி சரக்கு சீக்கிரம் காய்ந்துவிடும். ஏசியை டிசியாக்க ஜிஇசட்34 என்ற ரெக்டிஃபையர் வால்வு வைத்திருப்பவர்கள் முதல் கெப்பாசிட்டரில் 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது. ஹம் என்கிற ரீங்காரம் குறையும் என்று அங்கே 220 மாட்டினால் வால்வுக்குள் பொறி பறக்கும். ஹம் குறைய வேண்டுமானால் சோக்குக்கு (வடிகட்டும் கம்பிச்சுருளுக்கு) அடுத்து வரும் கெப்பாசிட்டரைப் பெரிதாக்குங்கள். அப்புறம், கை வைக்கும் முன் பவர் சப்ளைக் கெப்பாசிட்டர் எல்லாம் முழுக்க டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதா என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள்.